ஏர் பிஸ்டலில் குண்டு இடப்பக்கம் கீழே விழுகிறது: சைட்டைத் திருப்பலாமா?

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து வாரம் இருமுறை கோவைக்கு வந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் எனக்கு, மூன்று வாரங்களாகக் குண்டுகள் நெருக்கமாகவே விழுந்தாலும், நடுவிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. இடப்பக்கம் கீழாகவே விழுகின்றன. குண்டு போக வேண்டிய பக்கமே ரியர் சைட்டையும் (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பாகம்) நகர்த்த வேண்டும் என்பது தெரியும். ஆனால் வலக்கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தாலும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் விழும் என்பதால், சைட்டை நகர்த்தும் திருகாணியைத் தொடவே தயக்கமாக உள்ளது. இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தானே!

கையை மேசைமேல் தாங்கி வைத்து ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்தால், பிழை என்னுடையதா சைட்டினுடையதா என்று பிரித்தறிய முடியுமா? தாங்கிச் சுட்டால் விழுமிடமே மாறிவிடும் என்கிறார் உடன் பழகும் அண்ணன் ஒருவர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.