போகாண்டாவைப் பற்றி எழுத எங்கிருந்து தொடங்கலாம்?

உசிலம்பட்டி மாணவி:
மதுரையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். கருத்தரங்கக் கட்டுரைக்கு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பார்த்தெலமி போகாண்டாவை எடுத்திருக்கிறேன். எங்கு தேடினாலும் 1959 விமான விபத்து சதியா என்ற பேச்சுத்தான். பாதிரியாராக இருந்தவர் அரசியலுக்கு ஏன் வந்தார்?

திருமங்கலம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பருத்தியிலிருந்து தொடங்குங்கள், அம்மா. எங்கள் கரிசலில் பருத்தி கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த வருடம் சோளம் விதைத்துக்கொள்ளலாம். இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு அன்று உபாங்கி-ஷாரி என்ற பிரெஞ்சுக் காலனி; அங்கே அது முடியாது. முதலில் காட்டு ரப்பர், பிறகு பருத்தி, எல்லாமே கட்டாயம். போகாண்டா 1910இல் லோபாயே பகுதியில் பிறந்தார். ரப்பர் கம்பெனிக் காவலர்கள் அடித்து அவர் தாய் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. மிஷனரிகள் வளர்த்தார்கள். 1938இல் அந்த மண்ணின் முதல் கத்தோலிக்கக் குருவானார். 1946இல் ஆயரின் ஆதரவோடு பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பாரிஸில் பேசுவது மட்டும் போதாது என்று கண்டு, விவசாயிகளே விளைச்சலை விற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். 1949இல் மெசான் கட்சி தொடங்கினார். பிரெஞ்சுப் பெண்ணை மணக்க முடிவு செய்ததால் குருத்துவம் போனது. 1951இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்! இதை விட்டுவிட்டு விபத்தையே பேசுவது எனக்கு ஆறவில்லை.

மேலூர் வாசகர்:
அந்தக் கூட்டுறவு நிலைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நிர்வாகம் சரியில்லாமல் நொடித்துப்போனது. பால் சங்கத்தில் செயலாளராக இருந்தவன் நான். கணக்கு எழுத ஆள் கிடைக்காத கஷ்டம் தெரியும். அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட மனம் வரவில்லை.

உசிலம்பட்டி மாணவி:
நன்றி ஐயா. ஒரே நாட்டுக்கு ‘மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு’ என்று அவ்வளவு பெரிய பெயர் ஏன்?

திருமங்கலம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சாட், காபோன், மத்திய காங்கோ ஆகிய மற்ற பிரெஞ்சுக் காலனிகளும் சேர்ந்து ஒன்றாக நிற்க வேண்டும் என்று விரும்பினார். சிதறினால் பிழைக்க முடியாது என்பது அவர் கணிப்பு. மற்றவர்கள் இசையவில்லை. எனவே 1958 டிசம்பர் 1 அன்று அந்தப் பெயர் உபாங்கி-ஷாரிக்கு மட்டும் வந்தது. கொடியை வடிவமைத்ததும் நாட்டுப்பண் எழுதியதும் அவரே. 1959 மார்ச் 29 அன்று விமானம் விழுந்து இறந்தார். 1960 ஆகஸ்ட் 13 சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. விபத்துக்கு ஒரு பத்தி போதும். பெருங்காமநல்லூர் உங்கள் பக்கம்தானே? 1920இல் கைரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தை, எதிர்த்தவர்களை அங்கே ஆங்கிலேய ஆட்சியின் போலீஸார் சுட்டார்கள். அப்போது போகாண்டா பத்து வயதுப் பையன். இரண்டு ஆட்சிகளையும் அருகருகே வைத்து எழுதிப் பாருங்கள், அம்மா. வரைவை இங்கே பதிவிட்டால் படித்துச் சொல்கிறேன்.