சம்பளம் வந்தாலும் பயம் போகவில்லை: ஜென் வழி பணத்துக்கும் உதவுமா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 29 வயது, ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது, கடன் என்று பெரிதாக இல்லை. ஆனாலும் காசு கையில் இருக்கும்போதே இல்லாத மாதிரி இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் வளர்ந்தேன். அம்மா கொழுந்து பறித்தவர். சம்பள நாளில் கடைக் கொப்பி, சீட்டுக் காசு, அடகு வட்டி மூன்றுக்கும் வழியிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். பறித்த கொழுந்தின் நிறை குறைந்த நாட்களுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழுந்திருக்கும், அது எத்தனை நாள் என்பது சம்பளத் துண்டைப் பார்த்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு வீட்டில் யாரும் காசைப் பற்றி வாய் திறக்க மாட்டோம், திறந்தால் சண்டை.

இப்போது ஒரு சோடி சப்பாத்து வாங்கப் போனால் மூன்று தரம் கையில் எடுத்து மூன்று தரமும் வைத்துவிட்டு வருகிறேன். அதே நான், சம்பளம் வந்த கிழமையில் சீனி, பருப்பு, சவர்க்காரம் என்று வாங்கிக் குவிக்கிறேன், நாளைக்கு விலை ஏறிவிடும் என்ற பயத்தில். 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் வரிசையில் நின்றது இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. மாதக் கடைசியில் ஏடிஎம் துண்டைப் படிக்காமலே கசக்கி எறிந்துவிடுவேன்.

யூடியூபில் கண்ணை மூடிக் கோடி ரூபாயைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. ஆறு மாதமாக ஜென் என்ற பௌத்தத் தியான முறைப்படி காலையில் உட்கார்ந்து மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதில் மனம் அடங்குகிறது. இந்த வழியால் காசுப் பயத்தையும் மாற்றலாமா? எல்லாவற்றையும் விடு என்று சொல்கிற ஜென்னில் நின்றுகொண்டு வளம், நிறைவு என்று பேசுவது முரண்தானா?

பனிமூட்டம் (பண்டாரவளை)

முரண் இல்லை தங்கச்சி. ஜப்பானில் கியோட்டோ நகரத்து ரியோஆன்ஜி என்ற ஜென் கோயிலில் கை கழுவ ஒரு கல்தொட்டி இருக்கிறது. பார்த்தால் நடுவில் சதுர ஓட்டை போட்ட பழங்காலத்துக் காசு போலவே இருக்கும். சுற்றி நாலு எழுத்து. தனியாகப் படித்தால் பொருள் சேராது, தண்ணீர் நிற்கிற அந்தச் சதுரத்தையும் ஒவ்வொன்றோடும் சேர்த்தால்தான் 'போதும் என்பதை மட்டுமே நான் அறிவேன்' என்று வரும். நம்முடைய 'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' நினைவுக்கு வருகிறது அல்லவா. ஆனால் அங்கே 'அறிவேன்' என்று ஒரு சொல் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. போதுமா என்று அறிய வேண்டுமென்றால் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கசக்கி எறிகிற துண்டில்தான் உங்கள் பயிற்சி இருக்கிறது.

நான் கடையொன்று வைத்து நட்டப்பட்டவன். ஒரு வருடம் வங்கிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பிறகு, காலையில் மூச்சை எண்ணி முடித்த கையோடு புத்தகத்தைத் திறந்து மீதியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். வயிறு பிடிக்கும், பிடிக்கட்டும் என்று மூன்று மூச்சு அப்படியே இருப்பேன், அப்புறம் நேற்றைய செலவைக் கொப்பியில் எழுதுவேன். நல்ல செலவு, கெட்ட செலவு என்று தீர்ப்பு எழுதுவதில்லை. இரண்டு மாதம் கை வேர்த்தது. பிறகு அது வெறும் இலக்கம் ஆகிவிட்டது.

1237இல் டோகென் என்ற ஜென் குரு மடத்துச் சமையற்காரருக்காக எழுதியதில், கிடைத்த பொருளை உன் கண்ணைப் போலப் பார்த்துக்கொள், மட்டமான கீரை என்று சலிக்காதே, உயர்ந்த பொருள் என்று துள்ளாதே என்கிறார். நான் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் இப்போது அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பெரட்டுக்களம் (மஸ்கெலியா)

அண்ணன், கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் 'போதுமென்ற மனம்' என்ற பேச்சே எனக்குக் கசக்கும். தோட்டத்தில் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லித்தான் வாயை அடைத்தார்கள். நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆவதற்குள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம், 1350 ஆனது 2024இல்தான். போதும் என்று உட்கார்ந்திருந்தால் அதுவும் வந்திருக்காது. தங்கச்சியின் அம்மாவுக்கு உண்மையிலேயே காசு போதவில்லை. அந்தப் பயம் சரியான கணக்கிலிருந்து வந்த பயம். அதை மனசுக் கோளாறு மாதிரிப் பேசாதீர்கள்.

பனிமூட்டம்

நீங்கள் சொல்வது சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. தொட்டியில் 'குறைவாகக் கேள்' என்று எழுதவில்லை. சீனாவில் பைஜாங் என்று ஒரு பழைய ஜென் குரு, வயதான பிறகும் வயலில் வேலை செய்தவர். பாவம் என்று சீடர்கள் மண்வெட்டியை ஒளித்து வைக்க, அவர் சாப்பிட மறுத்துவிட்டார், 'வேலை இல்லாத நாள் சாப்பாடு இல்லாத நாள்' என்று. அதை அவர் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். என் கண்ணுக்கு அதன் மறுபாதியும் தெரிகிறது: வேலை செய்த நாளுக்குச் சாப்பாடு உண்டு, அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? அம்மாவுக்குப் போதவில்லை என்பது உண்மை. மகளுக்கு இன்றைக்குப் போதுகிறதா என்பது வேறு கேள்வி, அதற்குக் கொப்பிதான் பதில் சொல்லும்.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

ஜென் பற்றி நான் படித்ததில்லை மகள், என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து வேறு டின்னில் போடுவார், சாமான் தட்டுப்பாடான கிழமையிலும் கூட, அப்போது அரைப் பிடி. மாதக் கடைசியில் அந்த டின்னைத் திறக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! நான் சம்பளத்திலும் அதையே செய்கிறேன், செலவுக்கு முன்னால் ஒரு பிடி, ஆயிரமோ ஐந்நூறோ, ஏடிஎம் அட்டை இல்லாத ஒரு கணக்கில்.

இன்னொன்று. உங்கள் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF, ஓய்வுகாலச் சேமிப்பு) 8 வீதம் பிடிப்பார்கள், அலுவலகம் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) அலுவலகம் போடுவது 3 வீதம் தனி. அந்த மீதியை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை. அப்புறம் அந்தச் சப்பாத்தை வாங்குங்கள். நம் ஊர் ஏற்றத்தில் ஈரக் காலோடு நடந்து சேர்த்த காசு கடைசியில் மருந்துக்குப் போகும்.

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் நன்றி. பெரட்டுக்களம் அண்ணன் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன், அம்மாவுக்குப் போதவில்லை என்பதை இதுவரை யாரும் இப்படி நேராகச் சொன்னதில்லை. சேமலாப நிதி மீதி பார்த்தேன், நினைத்ததைவிடக் கூட, இரண்டு மாதக் காசு மட்டும் விடுபட்டிருக்கிறது, திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்கப்போகிறேன். ஏடிஎம் துண்டை இன்று கொப்பிக்குள் ஒட்டினேன். இரவு அம்மாவிடம் முந்தானையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு முடிச்சை அவிழ்த்துப் பாயில் வைத்தார். இரண்டு பேருமாக எண்ணினோம். 640 ரூபாய். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னார்.