ஹொட் பட்டர் கணவாய் பார்சலில் ஏன் நமத்துப் போகுது?

கேள்வி: ஹொட் பட்டர் கணவாயை (மாவில பொரிச்சு, பட்டரில பிரட்டின கணவாய்) கிளிநொச்சி சைனீஸ் கடையிலயே இருந்து சாப்பிட்டா மொறுமொறு எண்டிருக்கு. பரந்தனுக்குக் கொண்டு போறதுக்குள்ள சவசவ எண்டு ஆகுது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஆவிதான் காரணம். மூடியில முட்டுற ஆவி தண்ணியாகிப் பொரிச்ச மாவில இறங்கும். மூடியில 3, 4 ஓட்டை போடச் சொல்லுங்கோ. சுடச்சுட இருக்கிற பிரைட் ரைஸுக்கு மேல வைச்சுக் கட்ட விடாதேங்கோ.

பதில் 2: இன்னொரு வழி இருக்கு. பொரிச்ச கணவாயை ஒரு பெட்டியில, பட்டரில வதக்கின செத்தல் மிளகாய், உள்ளி, வெங்காயத்தாளை இன்னொண்டில தரச் சொல்லுங்கோ. வீட்டில காய்ஞ்ச தாச்சியில, எண்ணெய் விடாமல், கணவாயை 2 நிமிசம் பிரட்டி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு மற்றதைக் கொட்டுங்கோ. அதுக்கு மேல விட்டா கணவாய் றப்பர்தான்.

கேட்டவர்: நன்றி அண்ணை. மைக்ரோவேவ்?

பதில் 2: வேண்டாம் தம்பி. மா இன்னும் இளகும்.