மாத்திரை நினைவூட்டும் கருவி: யோசனை தேவை

வணக்கம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் சின்னக் கருவி ஒன்றை ஈஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள குட்டி கன்ட்ரோலர் சிப்) வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். முதலில் போட்ட பஸ்ஸர் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கீச்சென்று கத்தியது. வயதானால் முதலில் கேட்காமல் போவதே அந்த மாதிரி உச்ச ஒலிதான். அதனால் ஸ்பீக்கருக்கு மாறி, 500 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி வைத்தேன். இதுவரை சரி.

சிக்கல் இனிமேல்தான். பட்டனை அழுத்தி ஒலியை நிறுத்திவிட்டு, 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று மறந்துவிடுகிறார்கள். டப்பா மூடியில் காந்தமும் ரீட் சுவிட்சும் (காந்தம் அருகே வந்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்தினால் திறந்தது தெரியும், விழுங்கியது தெரியாது. கேமரா வேண்டவே வேண்டாம். சொந்த வீட்டில் யாருக்குத்தான் அது பிடிக்கும்? மூடி திறக்கும்வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலித்தால் நச்சரிப்பாகிவிடுமா? எத்தனை முறைக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தகவல் போகலாம்? பெரியவர்களோடு இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.