குன்னூரிலிருந்து அந்தமானுக்குத் தேயிலை: ஐஜிஎஸ்டியா, ஏற்றுமதியா?

குன்னூர்_டஸ்ட்:
போர்ட் பிளேரில் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்) ஒரு மொத்த வியாபாரி 40 மூட்டை சிடிசி டஸ்ட், அதாவது தூள் தேயிலை, கேட்கிறார். மூட்டை 30 கிலோ, கிலோ 160 ரூபாய். சென்னைத் துறைமுகம் வரை லாரி, அப்புறம் கப்பல். "கடல் தாண்டுதில்லையா, ஏற்றுமதிதான், எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் கொடுத்தா வரி கிடையாது" என்கிறார் புக்கிங் ஆபீஸ்காரர். என் கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷனில் இருக்கு (சின்ன வியாபாரிக்கு விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டுகிற திட்டம்). கூடவே இன்னொரு சந்தேகம்: பிரான்ஸின் பாரிஸில் இறக்கி அந்நாட்டு ரீயூனியன் தீவுக்கு அனுப்ப ஒருவர் இதே டஸ்டுக்கு விலை கேட்கிறார். அதுக்கும் இதே கணக்குத்தானா?

மலைக்கணக்கு:
அந்தமான் இந்தியாவுக்குள்தான் இருக்கு. எத்தனை மைல் கடல் தாண்டினாலும் ஏற்றுமதி ஆகாது. நம்ம மாநிலக் குறியீடு 33, அந்தமானுக்கு 35. கோயம்புத்தூர்ச் சரக்கு பாலக்காடு போகிற மாதிரி இதுவும் வெளிமாநில விற்பனை, அதுக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 5%.

உங்க உண்மையான சிக்கல் காம்போசிஷன்தான். அதில் இருக்கிறவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது, ஒரே ஒரு மூட்டையானாலும். பில் போடும் முன்னாடியே சிஎம்பி-04 படிவம் கொடுத்து வெளியே வாங்க. கையிருப்புச் சரக்கில் கட்டிய வரியை எடுக்க, 30 நாளுக்குள் ஐடிசி-01 படிவம். இதைத்தான் பலர் கோட்டை விடுவாங்க. ஜிஎஸ்டி பதிவே இல்லாதவருக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்கிற வரம்பு இங்கே உதவாது. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேணும்.

சரக்கு 1,92,000. லாரி, கப்பல் வாடகை 18,000 ரூபாய்னு வெச்சு அதையும் உங்க பில்லிலேயே போட்டால், 2,10,000க்கு 5%, ஆக 10,500. வாடகையைப் பில்லில் தனியாகக் காட்டினாலும் வரி சேர்த்துத்தான்.

துறைமுகம்_வழி:
இ-வே பில்லில், அதாவது சரக்கோடு போகிற மின்னணு அனுமதிச் சீட்டில், கவனம். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போவதால் கட்டாயம். போக்குவரத்து வகையில் "சாலை" மட்டும் தேர்ந்தெடுத்தால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்; மொத்தத் தூரம் சுமார் 1,700 என்றால் 9 நாளில் முடிஞ்சிடும். கப்பலில் இடம் கிடைக்காமல் மூட்டை ஷெட்டிலேயே கிடந்தால் அங்கேயே காலாவதி. சாலையும் கப்பலும் சேர்ந்த வகையைத் தேர்ந்தெடுங்க. ஒரு கட்டமாவது கப்பலில் போனால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, 85 நாள் கிடைக்கும். சென்னையில் ஏற்றினதும் இ-வே பில்லின் பார்ட்-பியில் (வண்டி விவரப் பகுதி) பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டின் எண்ணும் தேதியும் மாற்றணும். நீட்டிக்கணும்னா முடிவுக்கு முந்தின 8 மணி நேரத்திலோ பிந்தின 8 மணி நேரத்திலோ மட்டும்தான்.

வரிக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்றேன்: உள்ளே ஃபாயில் இல்லாத மூட்டையில் டஸ்ட் போகக் கூடாது. கடல் ஈரத்தை அப்படியே குடிச்சிடும்.

குன்னூர்_டஸ்ட்:
நன்றி. பில்லைத் தன் சென்னை ஆபீஸ் பேரில் போட்டு, சரக்கை மட்டும் தீவுக்கு அனுப்பச் சொல்றார் அந்த அந்தமான் வியாபாரி. பரவாயில்லையா?

மலைக்கணக்கு:
அனுப்பலாம், வரி மாறும். சென்னை ஆபீஸ் ஜிஎஸ்டி எண் 33-இல் ஆரம்பிச்சால், மூட்டை எங்கே இறங்கினாலும் உங்க விற்பனை தமிழ்நாட்டுக்குள்தான்: மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 2.5%, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 2.5%. சென்னையிலிருந்து தீவுக்கான ஐஜிஎஸ்டி பில் அவர் பொறுப்பு. மாற்றிக் கட்டிட்டால், சரியான வரியை மறுபடி கட்டி, தப்பாகக் கட்டினதை ஆர்எஃப்டி-01 படிவத்தில் திருப்பிக் கேட்கணும். வட்டி இல்லை, ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஆர்டர் வந்ததுமே எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்க.

துறைமுகம்_வழி:
ரீயூனியன் கணக்கு முற்றிலும் வேற. அது பிரான்ஸின் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள்ளும் இருக்கு; ஆனால் அதன் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எல்லைக்கு வெளியே. அதனால் பாரிஸிலிருந்து தீவுக்குப் போகிற சரக்கு வாட் கணக்கில் ஏற்றுமதி மாதிரி, அங்கே வரி இல்லாமல் கிளம்பும். தீவில் இறங்கும்போது தீவின் வாட், பொதுவாக 8.5%, குறைந்த விகிதம் 2.1%. அதுக்கு மேல் 'ஆக்ட்ருவா த மேர்' என்கிற கடல்வழி நுழைவு வரி. சொந்த நாட்டிலிருந்து வந்தாலும் விடாது. பிரான்ஸின் மற்றப் பகுதிகளான பிரெஞ்சு கயானாவிலும் மயோத்திலும் வாட் கிடையாது, இந்த நுழைவு வரி மட்டும் உண்டு. விகிதத்தை அந்தந்த வட்டார மன்றம் சரக்குக் குறியீட்டின்படி வைக்கும். தேயிலைக் குறியீடான 0902க்கு என்னன்னு வாங்குபவரிடம் எழுத்தில் வாங்கிட்டு விலை சொல்லுங்க.

உங்க பக்கம் அது அசல் ஏற்றுமதி. அங்கேதான் எல்யூடி. ஐஇசி எண்ணும் (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்) ஷிப்பிங் பில்லும் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி அறிக்கை) வேணும். காம்போசிஷனிலிருந்து எப்படியும் வெளியே வந்துதான் ஆகணும்.