பொலியிமைட்டுப் பூச்சு இல்லாத திரவப் பளிங்குக் கலம் நண்பகலில் இருண்டுவிடுகிறது: உதவி தேவை

கிளிநொச்சி, பௌதிகவியல் ஆசிரியை:
வணக்கம். உயர்தர மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, 5சிபி என்னும் நெமாட்டிக் திரவப் பளிங்கை (நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையை நோக்கிக் கிடந்தபடியே பாயும் திரவம்) இரண்டு கண்ணாடி வழுக்கிகளுக்கு இடையில் நிரப்பிக் கலம் ஒன்றைச் செய்துள்ளோம். மூலக்கூறுகளை ஒரு திசையில் நிறுத்த வழக்கமாகப் பயன்படும் பொலியிமைட்டு என்னும் பிளாத்திக்கைப் பூசிச் சுடும் வசதி பாடசாலையில் இல்லாததால், வெறும் கண்ணாடியையே பருத்தித் துணியால் ஒரே திசையில் அழுத்தித் தேய்த்து, சாப்பாடு சுற்றும் மெல்லிய பொலித்தீனை இடைவெளிக்கு வைத்தோம். பழைய கணிப்பான்களிலிருந்து எடுத்த முனைவாக்கித் தாள்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவில் கலத்தைச் சுழற்றினால், காலையில் அது ஒழுங்காக ஒளிர்ந்து மங்குகிறது. ஆனால் நிரப்பிய வாயிலிருந்து விரியும் வரிகளும், இடையிடையே கறுத்த நூல் போன்ற கோடுகளும் தெரிகின்றன. நண்பகலுக்குப் பின்போ எப்படிச் சுழற்றினாலும் ஒளி வருவதில்லை. மூலக்கூறுகள் செங்குத்தாக எழுந்துவிடுகின்றனவா, தேய்த்த திசை அழிந்துவிடுகிறதா?

வவுனியாவிலிருந்து பதில்:
ஆசிரியை, இரண்டும் இல்லை, வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். 5சிபி ஏறத்தாழ 24 முதல் 35 பாகை செல்சியஸ் வரை மட்டுமே நெமாட்டிக் நிலையில் இருக்கும். தகரக் கூரையின் கீழ் நம்முடைய மத்தியானம் அந்த மேல் எல்லையை எளிதில் தாண்டிவிடும். அதன்பின் அது ‘உருகி’, மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் சிதறிய சாதாரணத் திரவம்தான்; குறுக்கான முனைவாக்கிகளுக்கு இடையில் இருளாகவே தெரியும். கலம் இருண்டிருக்கும்போது மேல் வழுக்கியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மூலக்கூறுகள் செங்குத்தாக நின்றால் அழுத்திய இடம் ஒரு கணம் பளிச்சிடும். உருகிய நிலையில் ஒன்றும் நிகழாது. குளிர்நீர்ப் போத்தலின் மேல் வைத்தால் ஒளி திரும்ப வேண்டும்.

உங்கள் முறை சரியானதே. 1940களில் பிரான்சில் சாற்றலான் என்னும் ஆய்வாளர் வெறும் கண்ணாடியைத் தேய்த்தே நெமாட்டிக்கை ஒழுங்குபடுத்தினார். நுண்ணிய தவாளிப்புகளுக்குக் குறுக்கே கிடக்கும் மூலக்கூறுகள் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைய வேண்டியிருப்பதால் மீள்தன்மைச் சக்தி கூடுகிறது, நெடுக்கே கிடந்தால் அந்தச் செலவு இல்லை என்று 1972இல் பெரெமன் என்னும் ஆய்வாளர் விளக்கினார். ஆயினும் வெறும் கண்ணாடியின் பிடிப்பு பொலியிமைட்டின் அளவுக்கு உறுதியானதல்ல. ஆகவே நெமாட்டிக் நிலையில் நிரப்பினால் பாய்ந்த திசை பதிந்து, நீங்கள் காணும் வரிகளாக நிற்கும். கலத்தை 40 பாகைக்குச் சூடாக்கி, உருகிய நிலையில் நிரப்பி, மெதுவாக ஆறவிடுங்கள். உங்களைத் தடுத்த அதே வெயிலை இதற்குப் பயன்படுத்தலாம்.

முல்லைத்தீவிலிருந்து பதில்:
வழுக்கிகளைக் கடைசியாக எந்த நீரில் கழுவினீர்கள்? வன்னியின் பல கிணறுகளில் வன்னீர். அது காயும்போது கல்சியப் படலம் கண்ணாடியில் வெண்மையாகப் படியும், தேய்த்த தவாளிப்பு அந்த இடத்தில் பயனற்றுப்போகும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, புரொப்பனோலில் கழுவி, விளிம்பில் நிறுத்தி உலரவிடுங்கள். தேய்த்தபின் விரல் படவே கூடாது. சூடான கண்ணாடியில் டெஃப்லோன் கட்டியை இழுத்து, ஒழுங்கான மெல்லிய படலம் படியவைக்கும் முறையும் உண்டு; ஆய்வாளர்களான விற்மனும் சிமித்தும் 1991இல் வெளியிட்டது.

வவுனியாவிலிருந்து பதில்:
அண்ணா சொன்ன டெஃப்லோன் முறை அருமையானது, ஆனால் பாடசாலைக்கு வேண்டாம். அதற்கு 300 பாகையளவு வெப்பம் வேண்டும். அதைவிட மிகக் கூடினால் நச்சுப் புகை எழும். செங்குத்து நிலையைக் காட்ட விரும்பினால், இலெசிதின் என்னும் கொழுப்புப் பொருளை மதுசாரத்தில் மிக நீர்த்த கரைசலாக்கிக் கண்ணாடியில் பூசி உலர்த்துங்கள். அதன் முனைத்தலை கண்ணாடியைப் பற்ற, வால்கள் மேல்நோக்கி நின்று மூலக்கூறுகளையும் நிமிர்த்தும்.

கிளிநொச்சி, ஆசிரியை:
குளிர்போத்தலில் வைத்ததும் ஒளி திரும்பியது. வடித்த நீரில் கழுவி, உருகிய நிலையில் நிரப்பியபின் வரிகள் மறைந்துவிட்டன. பொலித்தீனை ஒட்டிய பகுதியில் மட்டும் நூல்கள் எஞ்சியுள்ளன.

வவுனியாவிலிருந்து பதில்:
அங்கு பொலித்தீனின் வெட்டு விளிம்பும் மூலக்கூறுகளைத் தன் திசைக்குத் திருப்பும். துண்டுகளைப் பார்க்கும் பகுதியிலிருந்து நன்கு விலக்கி, வழுக்கியின் இரு ஓரங்களில் மட்டும் வையுங்கள்.