போனிலிருந்து 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் ஜாக்கைத் தூக்கினது சரியா?

ஈயக்குச்சி: 2016-ல் ஐபோன் 7 ஜாக்கைத் தூக்கியது, பல கம்பெனிகள் பின்னாலேயே போயின. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே செருகிய 6.35 மி.மீ. பின்னின் குட்டிதான் இந்த 3.5. அதற்குப் பதில் காதில் பேட்டரி. வயரில்லா ப்ளூடூத் இயர்பட்ஸில் இருப்பது சில பத்து மில்லிஆம்பியர்-அவர் செல்தான். தினமும் சார்ஜ் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் தொய்ந்துவிடும். ஒட்டி மூடிய கூட்டைத் திறந்தால் உடையும். வயர் அறுந்தால் புதுப் பின் போட்டால் முடிந்தது.

அலைவரிசை: அண்ணே, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் எத்தனை வீட்டில் இருக்கு? ஹெட்ஃபோன் வரலாறே எடை குறைந்த கதைதான். 1910-ல் யூட்டாவில் நத்தானியல் பால்ட்வின் சமையலறையில் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பியது இரும்புச் சாமான். 1979 வாக்மேனோடு வந்தது பஞ்சு வைத்த லேசான பட்டை. இப்போ ஒரு பட் ஐந்து கிராம் சொச்சம். அடுத்துப் போக வேண்டியது வயர்தானே? அதுவும் பின்னின் கழுத்திலேயே அறுகிற வயர். வெட்டிப் பார்த்தால் உள்ளே கம்பியில் ஈயம் ஒட்டவே ஒட்டாது.

ஈயக்குச்சி: ஒட்டாதது வார்னிஷ் பூச்சால், தம்பி. பின்னிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். புதுப் பின்னின் மூடியை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். இதை மறந்து, பற்றவைத்ததைப் பிரிக்காதவர் குறைவு. மேல்தோலை 1.5 செ.மீ. உரித்தால் பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் (இரண்டுக்கும் பொதுவான கம்பி). நடுவில் உள்ள நைலான் நூலை நறுக்கிவிடணும், இல்லாவிட்டால் உருகி ஈயத்தில் கலக்கும். 350 டிகிரி முனையில் ஒரு சொட்டு ஈயமும், அது ஒட்ட உதவும் ஃபிளக்ஸும் வைத்து அதில் கம்பி நுனியை முக்குங்கள். புகை வந்து வெள்ளியாக மாறினால் பூச்சு போச்சு. பின்னில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டினால் உள் வளையம் உருகி ஷார்ட் ஆகும். கடைசியில் மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள்: இடது–கிரவுண்ட், வலது–கிரவுண்ட் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, சாதாரண இயர்போனில் 16 அல்லது 32 ஓம் பக்கம்.

ஓம்_விதி: மைக் உள்ள நாலு முனைப் பின் என்றால் இன்னொரு வம்பு. முனைகளை அடுக்க இரண்டு முறை உண்டு: சி.டி.ஐ.ஏ. முறையில் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், மைக், பழைய ஓ.எம்.டி.பி.யில் கடைசி இரண்டும் இடம் மாறும். மாற்றிப் பற்றவைத்தால் பாட்டில் பாடகர் குரல் மட்டும் காணாமல் போய் இசை கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. குரல்தான் பெரும்பாலும் அப்படி இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கும். மைக் பட்டனை அழுத்தினால் குரல் திரும்பும். அப்படியானால் பழுது வயரில் இல்லை, வரிசையில்.

அலைவரிசை: பழுதுபார்ப்பதில் வயருக்கே ஓட்டு, ஒத்துக்கறேன். ஆனா பஸ்ஸில்? இன்ஜின் இரைச்சலை அமுக்க எல்லாரும் சவுண்டை ஏத்தறாங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான். இரைச்சலைக் குறைக்கும் பட்ஸ் இருந்தால் பாதி சவுண்டே போதும்.

ஈயக்குச்சி: அது ப்ளூடூத்தின் புண்ணியம் இல்லையே. விமானிகளுக்கு போஸ் 1989-ல் கொண்டுவந்த இரைச்சல் நீக்கி ஹெட்செட்டே வயர் போட்டதுதான். காதுக்குச் சரியான அளவு ரப்பர் போட்டாலே பாதி இரைச்சல் நிற்கும், இலவசமாக. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. கோடெக்கில் ஒலி சுமார் கால் விநாடி பிந்தும். வீடியோ ஆப் படத்தையும் தாமதித்துச் சமாளிக்கும். கீபோர்டு வாசிப்பவர் என்ன செய்வார்? கட்டையைத் தட்டி, ஸ்வரத்துக்குக் காத்திருப்பாரா?

அலைவரிசை: அவருக்கு, போனின் சார்ஜ் துளையில் செருகி வயரை மாட்டும் டைப்-சி கன்வர்ட்டர் இருக்கே.

ஓம்_விதி: வாங்கும் முன் உள்ளே டி.ஏ.சி. சிப் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றுவது) இருக்கிறதா என்று கேளுங்கள். சிப் இல்லாத மலிவு ரகம், டைப்-சி வழியே அனலாக் ஒலி தரும் போனில் மட்டும் பாடும். மற்ற போனில் செருகினால் ஸ்பீக்கரே பாடிக்கொண்டிருக்கும்.